மிஷினுக்கு வைத்த பொட்டு

திருமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் கம்பெனியில் பன்னிரண்டு வருடம் செக்கிங் பார்த்தேன். தண்ணீர் மோட்டாருக்குப் போடும் ரப்பர் வளையங்களை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கீறலோ பிசிறோ இருந்தால் கழிக்க வேண்டும். ஒரே மேசையில் ஐந்து பெண்கள். போன வருடம் கேமரா வைத்த மிஷின் வந்தது. அதற்கு நாங்களே சொல்லிக்கொடுக்க வேண்டுமாம். நல்லது ஒரு தட்டு, கெட்டது ஒரு தட்டு என்று மூன்று மாதம் பிரித்துக் கொடுத்தோம். அடுத்தவள் தட்டில் இருந்த தப்பையும் நான் எடுத்துத் திருத்தினேன். கெட்டிக்காரி என்று மேனேஜர் சொன்னதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. மடச்சி.

தீபாவளிக்குள் மேசையை எடுக்கப் போகிறார்கள், ஒருத்தியைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று பேச்சு வந்த பிறகுதான் உறைத்தது.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் நெற்றி மாதிரி இருக்கும் இடத்தில் சந்தனம், குங்குமம் வைப்போம். இந்தக் கேமரா மிஷினுக்கு எது நெற்றி? நடுவில் வட்டமாக ஒரு கண்ணாடி பளபளத்தது. அதில் வைத்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, சத்தியமாக.

லீவு முடிந்து ஓட்டினால், வந்த வளையம் அத்தனையையும் மிஷின் கழித்துத் தள்ளியது. மேனேஜர் எங்கள் மேசைக்கு ஓடி வந்தார்.

"சாயங்காலம் லோடு போயாகணும். பாருங்கம்மா, சீக்கிரம்."

பக்கத்தில் இருந்த அக்கா என் காதோரம் குனிந்தார். "ஏடி, நீ வச்ச பொட்டுதான் அது கண்ண மறைக்குது. வாயத் திறந்துறாத."

திறக்கவில்லை. ஐந்து பேரும் சாப்பிடக்கூட எழாமல் பார்த்து முடித்தோம். லோடு போனது. இனி நம்மை விடமாட்டார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் மெக்கானிக் வந்தார். கண்ணாடியை ஒரு துணியால் துடைத்தார். அவ்வளவுதான், ஓடியது. பொட்டு வைத்தது நான்தான் என்று ஒப்புக்கொண்டேன். மேனேஜர் கோபப்படவில்லை, சிரித்தார். நாங்கள் பட்ட பாடு அவர் கண்ணில் படவே இல்லை. அந்தத் துணிதான் பட்டது.

"இதத் தெனமும் தொடைக்க ஒரு ஆளு வேணும். நீயே இரும்மா. பொட்டு வச்ச எடம் ஒனக்குத்தான தெரியும்."

மற்ற நாலு பேரையும் தீபாவளிக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள். கடைசி நாள் கம்பெனி பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் உட்காராமல் முன் சீட்டுக்குப் போய்விட்டார். காளவாசலில் இறங்கும்போதுதான் திரும்பினார்.

"நல்லாத் தொடைச்சு வைடி. இல்லேன்னா நாங்க திரும்பி வந்துருவோம்ல."

பஸ்ஸில் எல்லோரும் சிரித்தார்கள். மறுநாள் காலையில் போய்த் துடைத்தேன். இன்றைக்கும் துடைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.