சாக்பீஸ் கோட்டின் காவலர்

யாரையும் பிடிக்காத ஒருவர் எதற்காக ஆயுள் முழுவதும் அவர்களுடைய வயிற்றுக்குக் காவல் நிற்க வேண்டும்?

அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் நாஹுன் குஷ்னிரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எழுந்த கேள்வி இது. பொத்தான் கடை வைத்திருந்தார். அவரிடம் வாங்கிய பொத்தான் யாருக்கும் நினைவில்லை. வசந்தத்தில் ஒரு ஞாயிறு எங்கள் யூத சங்கத்து முற்றத்தில் நடக்கும் உணவுத் திருவிழாவில் அவர் மூடவைத்த கடைகளைத்தான் எல்லோரும் விரல்விட்டு எண்ணுவார்கள்.

யூத உணவு விதிப்படி பாலும் இறைச்சியும் ஒரே தட்டில் சேரக்கூடாது. அதைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. காலையில் முதல் ஆளாக வந்து முற்றத்தின் நடுவே சாக்பீஸால் கோடு இழுப்பார். இடப்பக்கம் ஈரல் மசியலும் கோழி சூப்பும். வலப்பக்கம் பாலாடைக்கட்டிப் பண்டங்கள். கடவுளே இழுத்திருந்தாலும் கோடு இவ்வளவு நேராக வந்திருக்காது. அதை மிதித்த குழந்தைகளுக்கும் திட்டு விழும். நேர்மையான மனிதர் என்றார்கள். சட்டத்தை நேசிப்பதும் மனிதர்களை வெறுப்பதும் தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும்.

வருகிறவர்களும் லேசுப்பட்டவர்கள் அல்ல. ஆண்டு முழுவதும், விதி விலக்கிய பன்றித் தொடைக்கறி வைத்த ரொட்டி தின்னும் டாக்டர்களும் வக்கீல்களும் அன்று மட்டும், "விதிப்படி செஞ்சதுதானே?" என்று மூக்கைச் சுளிப்பார்கள்.

சுலேமா கப்லுன் வலப்பக்கத்தில் வரேனிகே விற்பாள். மாவுக்குள் பாலாடைக்கட்டி வைத்து மடித்து, வெந்நீரில் வேகவைத்து, மேலே வதக்கிய வெங்காயம். கணவர் இறந்தபின் அவள் வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. அந்த ஒரு ஞாயிறுதான் நூறு பேர் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். குஷ்னிர் அவள் கடையை இருமுறை மூடியிருந்தார். மூன்றாவது தவறென்றால் இனி எந்த ஆண்டும் கடை கிடையாது. அந்த விதியை எழுதியவரும் அவரே.

அந்த ஆண்டு அவர் வந்து நின்றதுமே, 'டோன்' என்று மரியாதை அடைமொழி போட்டே அவள் ஆரம்பித்தாள்.

"வாங்க டோன் நாஹுன். முதல்ல வெண்ணெயில குத்தம், போன வருஷம் கத்தியில குத்தம். இந்தத் தடவை என் மூஞ்சியிலயா?"

"கை கழுவினியா?"

"பதினெட்டு வாட்டி. தோலே உரிஞ்சு போச்சு. வேணும்னா அதையும் சோதிச்சுக்குங்க."

வரிசை சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

நண்பகலில் வெங்காயம் தீர்ந்துபோனது. சுலேமாவின் நாத்தனார் பேர்லா கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். கோட்டைத் தாண்டி, ஈரல் கடையிலிருந்து பொன்னிற வெங்காயம் வாங்கிவந்து, அப்படியே பானையில் கொட்டிக் கிளறினாள்.

சுலேமாவின் கரண்டி நின்றது.

"அடிப்பாவி! எங்கேருந்துடி வாங்கினே?"

"எதிர்லதான். ஏன், வெங்காயம் வெங்காயந்தானே?"

"கோழிக்கொழுப்புல வதக்கினதுடி!"

மெதுவாகத்தான் சொன்னாள். ஆனால் குஷ்னிர் மூன்றடி தள்ளி நின்றிருந்தார். கோழிக்கொழுப்பின் வாடையை அடுத்த தெருவிலேயே கண்டுபிடிக்கும் மூக்கு அவருடையது. வந்தார். பானைமேல் குனிந்து ஆழமாக மூச்சிழுத்தார். சுலேமா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியை அவிழ்க்கத் தொடங்கினாள்.

"ஒரு தட்டு போடு," என்றார்.

"டோன் நாஹுன், அது வந்து..."

"வரிசை நிக்குது. போடும்மா."

போட்டாள். நின்றபடியே தட்டிலிருந்த பன்னிரண்டு வரேனிகேயையும் தின்றார். ரொட்டித் துண்டால் தட்டை வழித்தார். அவர் தின்றதைப் பார்த்த டாக்டர்களும் வக்கீல்களும் முண்டியடித்தார்கள். நான்கு மணிக்குள் பானை காலி. அவர் தடுக்கவில்லை.

கருணை என்று சொல்லலாம்தான். ஆனால் அதே மாலை, கடுகுச் சாந்து ஜாடியில் 'விதிப்படி செய்தது' என்ற முத்திரை இல்லை என்று இன்னொரு கடையை மூடவைத்தார். அந்தக் கடைக்காரர் கெஞ்சியும் மசியவில்லை.

அதன்பின் பதினோரு ஆண்டுகள் உயிரோடு இருந்தார். ஏன் தின்றார் என்று சுலேமா கேட்டுப் பார்த்தாள். யாரோ போட்டுக்கொடுத்து, எங்கள் மதகுரு ரபியும் கூப்பிட்டுக் கேட்டார். "சாப்பிட்டேன்" என்று மட்டும் சொன்னாராம்.