விசாவில் கொத்தனார், கையில் வெல்டிங் ஹோல்டர்

துபாய் கராமாவில் ஒரு டைப்பிங் சென்டரின் மூலையில் உட்கார்ந்து ஊரார்க்கெல்லாம் சி.வி. எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒன்பது வருஷமாக எழுதுகிறேன், எனக்கென்று ஒன்று இன்னும் எழுதவில்லை. வேலை போய், விசா கேன்சலாகி, விரல்விட்டு நாள் எண்ணிய அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இல்லையென்றால் வரும், அவசரப்படாதீர்கள்.

பொதுக் கோட்டு

எங்கள் கடைக் கதவுக்குப் பின்னால் ஒரு கறுப்புக் கோட்டு தொங்குகிறது. போட்டோ எடுக்க வருகிற எல்லாரும் அதைத்தான் மாட்டிக்கொள்வார்கள். ஒல்லியான ஆளென்றால் முதுகுப் பக்கம் கிளிப் போட்டு இழுத்துப் பிடிப்போம். ஒரு கம்பெனி ஹெச்.ஆர். பெண் போன் பண்ணி, உங்கள் ஆட்கள் எல்லாரும் அண்ணன் தம்பிகளா என்றே கேட்டுவிட்டாள்.

போன வருஷம் வெயில் ஆரம்பிக்கிற சமயத்தில் செல்வராஜ் வந்தார். அரியலூர்ப் பக்கம். அபுதாபி முசஃபாவில் பதினாலு வருஷம் வெல்டர். கம்பெனியை மூடிவிட்டார்கள், நாட்டில் இருக்க இன்னும் இருபத்தாறு நாள். அதற்குள் வேலை கிடைக்காவிட்டால் ஊருக்குப் போக வேண்டியதுதான், மகளின் நர்சிங் படிப்பு இரண்டாம் வருஷத்தோடு நின்றுவிடும். இவ்வளவையும் நின்றுகொண்டே சொன்னார். கோட்டை நீட்டினேன். இரண்டடி பின்னால் போனார்.

"வேணாம் மேடம். இதப் போட்டா எனக்கு வெல்டிங் தெரியாதுன்னு நெனச்சுருவாங்க."

நான் பண்ணிய கோளாறு

செல்வராஜின் விசாவில் தொழில் 'கொத்தனார்' என்று இருந்தது. இங்கே இது சகஜம். கம்பெனியிடம் எந்தத் தொழிலுக்கு விசா மிச்சமிருக்கிறதோ அதில் ஆளை இறக்குவார்கள், வந்தபிறகு வேறு வேலை கொடுப்பார்கள். அனுபவச் சான்றிதழிலும் கொத்தனார்தான். இப்போதெல்லாம் சி.வி.யை முதலில் படிப்பது கம்ப்யூட்டர். ஒரு காகிதத்துக்கும் இன்னொன்றுக்கும் ஒத்துப்போகாவிட்டால் அது தூக்கிப் போட்டுவிடும் என்று நாங்கள் பயந்து சாகிறோம். எதற்கு வம்பு என்று, கொட்டை எழுத்தில் 'கொத்தனார்' என்று போட்டு, வெல்டிங்கைக் கீழே ஒரு மூலையில் தள்ளினேன்.

நம்புங்கள், போன் மேல் போன்! எல்லாம் சுவர் கட்டுவதற்கு. மனுஷர் வேறு வழியில்லாமல் ஷார்ஜாவில் ஒரு சைட்டுக்குப் போய், வாழ்நாளில் முதல்முறையாகக் கொத்துக்கரண்டியைப் பிடித்தார். அலைந்ததில் ஒன்பது நாள் போனது. அது முழுக்க என் தப்பு, இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த சைட்டின் ஃபோர்மேன் திருநெல்வேலிக்காரர். சுவரைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"அண்ணாச்சி, பதினாலு வருஷமா நீரு கட்டுன கட்டடமெல்லாம் எங்கெங்க இருக்குன்னு சொல்லும். நான் அந்தப் பக்கம் போகாம இருந்துக்கிடுதேன்."

பெரிய இடத்து உத்தியோகம்

சி.வி.யை மாற்றச் சொல்லி செல்வராஜ் திரும்பி வந்தபோது, பக்கத்து நாற்காலியில் சுந்தரேசன் சார் இருந்தார். சென்னைக்காரர், சவுதியில் அல் கோபாரில் மேனேஜர், ஆட்குறைப்பில் வேலை போய் துபாய்க்கு விசிட் விசாவில் வந்தவர். ஏ.ஐ. எழுதிய சி.வி. ஒன்றை வைத்திருந்தார். அதன் முதல் வரி, அந்த வாரம் நான் பார்த்த இன்னும் மூன்று பேருடைய முதல் வரியேதான். முன்பு பொதுக் கோட்டு, இப்போது பொது வாக்கியம், காலம் முன்னேறுகிறது.

"சாருக்கு என்ன வேலை?" என்று செல்வராஜ் மரியாதையாகக் கேட்டார். டீம்களை ஒருங்கிணைப்பது, பாதை வகுப்பது, தடைகளை நீக்குவது என்று சுந்தரேசன் சார் பத்து நிமிஷம் விளக்கினார். செல்வராஜ் பொறுமையாகத் தலையாட்டினார்.

"புரியுது சார். நானும் வந்த புதுசுல ஹெல்பர்தான்."

காகிதத்தை விட்டுத் தள்ளு

இன்னும் பதினாலு நாள். இந்த முறை ஒரே பக்கம். மேலே 'வெல்டர்', அடுத்த வரியில் 'விசாவில் மட்டும் கொத்தனார்', கீழே அவர் போனில் இருந்த பைப் ஜாயிண்ட் போட்டோக்கள் நான்கு. கம்ப்யூட்டர் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும் என்று முசஃபா ஒர்க்‌ஷாப் ஒவ்வொன்றுக்கும் அனுப்பினேன். எட்டு நாள் ஒரு சத்தமும் இல்லை. தினமும் சாயங்காலம் செல்வராஜ் போன் பண்ணுவார், "ஏதாச்சும் வந்துச்சா மேடம்" என்பார். இல்லை என்று சொல்லவே எனக்கு வாய் கூசும்.

ஒன்பதாம் நாள் ஒரு ஒர்க்‌ஷாப்பிலிருந்து கூப்பிட்டார்கள். செல்வராஜ் தலையணை கனத்துக்கு ஃபைலைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். அங்கிருந்த பாகிஸ்தான் பட்டாணிக்கார ஃபோர்மேன் ஃபைலை வாங்கி ஸ்டூலின்மேல் வைத்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்துவிட்டு, இந்தியில் சொன்னாராம்:

"காகிதம் கிடக்கட்டும் பாய், ஹோல்டரைப் பிடி."

புது விசா

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது அந்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து விசா பேப்பர் வந்தது. எல்லாம் அரபியும் இங்கிலீஷுமாக இருக்கிறது, படித்துச் சொல்லுங்கள் என்று என்னிடம் கொண்டுவந்தார். படித்தேன். தொழில்: தையல்காரர். முதலாளிக்கு யூனிஃபார்ம் தைக்கும் கம்பெனி ஒன்றும் உண்டாம், விசா அதில்தான் மிச்சமிருந்ததாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதினாலு வருஷம் கொத்தனார், இனிமேல் தையல்காரரா? ஒரு தடவையாவது இந்த மனுஷனை வெல்டர் என்று எழுதினால் என்ன குறைந்துபோகும் என்று கத்தியே விட்டேன். செல்வராஜ் பேப்பரை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எனக்கு என்ன பேரு வேணாலும் போட்டுக்கட்டும் மேடம். எம் பொண்ணுக்கு நர்சுன்னு போட்டாப் போதும்."

வளைகுடாவில் ஒருவர் என்ன வேலை பார்க்கிறார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் அவருடைய காகிதத்தை மட்டும் பார்த்துவிடாதீர்கள் என்று, அந்தக் காகிதத்தை எழுதிப் பிழைக்கும் நானே சொல்கிறேன்.