ஷோல்பான் வீட்டுச் சுவரில் ஐந்து சைக்கிள்கள்

பால் கலந்த தேநீரோடு உட்கார்ந்திருந்தேன். சுவரில் தொங்கிய என் கம்பளத்தின் நடுவிலிருந்து டிரில் முனை ஒன்று எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். முக்காலி மேல் ஷோல்பான், தலையெல்லாம் சுண்ணாம்பு.

"ஏன்டி, என் வீட்டுக்கு வரணும்னா கதவு வழியா வரக் கூடாதா?"

"ஐயோ அக்கா, அந்தப் பக்கம் வந்துடுச்சா? சுவர்னு நெனச்சேன், இது பிஸ்கட்டு!"

ஷோல்பான் பந்தயங்களில் சைக்கிள் ஓட்டியவள். மூன்று வருடத்துக்கு முன் விழுந்து தோள் எலும்பு முறிந்தபின் மருந்துக் கடையில் வேலை. அங்கும் அவளால் ஒரு இடத்தில் நிற்க முடியாது. கல்லாவுக்குப் பின்னால் கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஐந்து பெண்களைச் சேர்த்துப் பந்தயத்துக்குப் பழக்கினாள். சைக்கிள்களை வாடகைக் கொட்டகை ஒன்றில் வைத்திருந்தாள். சாலையை அகலப்படுத்தக் கொட்டகையை இடித்தார்கள். ஐந்து சைக்கிள்களும் நான்காம் மாடியில் அவளுடைய ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தன. தரையில் நிறுத்தினால் அடுப்புக்குப் போக வழியில்லை. அதனால்தான் சுவரில் கொக்கி.

அந்த மெல்லிய தடுப்புச் சுவர் தாங்கவில்லை. இரண்டை மாட்டிவிட்டு அடிக்கொரு தரம் எழுந்து போய்க் கொக்கியை அசைத்துப் பார்த்தாள். சாயங்காலம் அவள் அடுப்பருகே நின்றபோது ஒரு கொக்கி பிய்ந்தது. சைக்கிள் நேராகத் தலையணை மேல் விழுந்தது. மெத்தையெல்லாம் சங்கிலி எண்ணெய்.

ஜன்னல் பக்கத்து வெளிச்சுவர் கெட்டியான காங்கிரீட். ஆனால் அதையொட்டித்தான் கட்டில்.

கணவன் தல்கத் ரயில் பெட்டியில் பயணிகளைக் கவனிக்கும் பணியாளன். மேற்கே போனால் திரும்பப் பன்னிரண்டு நாளாகும். அவனைக் கேட்க ஃபோனை எடுப்பாள், வைப்பாள், மறுபடி எடுப்பாள். கடைசியில் கேட்காமலே அந்தப் பெண்களை வைத்துக் கட்டிலைக் கழற்றிக் கீழ்வீட்டு ரைசாவுக்குக் கொடுத்துவிட்டு, ஐந்து சைக்கிளையும் அந்தச் சுவரில் மாட்டினாள். அதன்பின் நான்கு நாளும் படியில் காலடிச் சத்தம் கேட்டால் போதும், கதவைத் திறந்து பார்ப்பாள்.

தல்கத் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். பையை இறக்காமல் வாசலிலேயே நின்றான்.

"கட்டில் எங்கே?"

"ரைசாவுக்குக் கொடுத்துட்டேன்."

"அப்போ நான்?"

"உங்களை யாருக்கும் கொடுக்கல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் சிரிக்கவில்லை. "பன்னெண்டு நாளும் ரயில்ல ஆடுற பலகையிலதான் படுத்துக் கெடந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே தூக்கிக் கொடுத்திருப்பேன்ல?"

அவள் அழுதாள். "வேணாம்னு சொல்லிடுவீங்களோன்னு பயம்."

அவன் பையை இறக்கி வைத்தான். பிறகு சுவரருகே போனான். "எல்லாத்தையும் ஒரே உயரத்துல மாட்டி வெச்சா கைப்பிடி இடிக்காதா? ஒண்ணை மேல ஏத்து, அடுத்ததைத் தலைகீழாத் திருப்பு. ரயில்ல மூட்டை அடுக்குற எங்கிட்ட கேட்டிருக்கலாம்." ஐந்தையும் இறக்கி அவனே மாட்டினான். அன்றுமுதல் இருவரும் தரையில் கம்பளி மெத்தை விரித்துப் படுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மெதேயு மலைச்சாலையில் பந்தயம். காலையில் பெண்கள் வந்து ஒவ்வொன்றாக இறக்கினார்கள். அவர்களில் ஒருத்தியான நர்ஸ் வெனேராவுக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் லீவு கொடுக்கவில்லை. சுவரில் ஒரு சைக்கிள் மிஞ்சியது. ஷோல்பான் அதன் முன்னால் போவதும் வருவதுமாக இருந்தாள்.

"எடுத்துட்டுப் போயேன்டி, சும்மா தரையைத் தேய்க்காம," என்றேன்.

"தோள் தாங்குமா அக்கா?"

தல்கத்தான் கொக்கியிலிருந்து இறக்கி அவள் கையில் கொடுத்தான்.

மூன்றாவது வளைவில் நானும் அவனும் ஃபிளாஸ்க்கில் தேநீரோடு காத்திருந்தோம். மற்றவர்கள் எல்லாரும் கடந்து போனபின் அவள் வந்தாள், முகம் சிவந்து, பல்லைக் கடித்துக்கொண்டு. எங்களைப் பார்க்கவேயில்லை; நிற்காமல் மேலே ஏறிப் போய்விட்டாள்.

தல்கத் ஃபிளாஸ்க்கை மூடினான். "எறங்கி வர எவ்வளவு நேரமாகும்க்கா?"

"எனக்கென்ன தெரியும்?" என்றேன். அவன் அதற்குள் மலைமேல் நடக்க ஆரம்பித்திருந்தான்.