பத்தேகாலுக்கு வந்த விடை

ஆசிரியர் பயிற்சியின் கடைசி வருடத்தில் விதாத்தை தெகாஷ் ஊரின் ஆரம்பப் பள்ளிக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் வகுப்பு, கணக்குப் பாடம், இருபத்தேழு பிள்ளைகள். தினமும் காலையில் பக்கத்து நகரமான தோஸரிலிருந்து ஷேர் டாக்ஸியில் வந்து இறங்குவாள். தோளில் ஒரு பெரிய பை தொங்கும். அதில் மடிக்கணினி, ஒயர்ச் சுருள், கைக்கு அடக்கமான ஒலிபெருக்கி, இரண்டு பழைய செல்போன்கள் எல்லாம் இருக்கும். மதியச் சாப்பாட்டை மட்டும் வாரத்தில் மூன்று நாள் மறந்துவிடுவாள்.

'வகுப்பறையில் டிஜிட்டல் கருவிகள்' என்பதுதான் அவள் எடுத்துக்கொண்ட பயிற்சித் தலைப்பு. யாரும் அவள் தலையில் கட்டவில்லை, அவளே கேட்டு வாங்கியது. சின்ன வயதிலிருந்தே அவள் அப்படித்தான். வீட்டு ரேடியோவைத் திறந்து பார்க்காமல் தூங்கமாட்டாள். திறந்ததை மூடத் தெரியாமல் அம்மாவிடம் திட்டும் வாங்குவாள்.

அந்த வகுப்பின் ஆசிரியர் லஸ்ஹர். சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர், மரியாதையாக, 'ஸி லஸ்ஹர்'தான். சாக்பீஸைத் தவிர எந்தக் கருவியையும் நம்பாதவர். பள்ளிக்கென்று இருந்த ஒரே புரொஜெக்டர் தலைமையாசிரியர் அலமாரியில் பூட்டிக் கிடந்தது. சாவி ஸி லஸ்ஹரிடம் இருந்தது. அதைக் கொடுக்கும்போது, "பல்பு போச்சுன்னா உன் கல்யாணச் சீர்ல கழிச்சுக்குவேன்" என்றார்.

முதல் நாளே சொதப்பியது. பின்னங்களை விளக்க விதாத் மூன்று இரவு உட்கார்ந்து அழகான படங்கள் செய்திருந்தாள். ஒரு ரொட்டி இரண்டாகும், நான்காகும், எட்டாகும். ஆனால் அந்த வகுப்பு ஜன்னலுக்குத் திரை கிடையாது. தெகாஷ் வெயில் நேராகச் சுவரில் வந்து விழுந்ததில் ரொட்டியையும் காணோம், பின்னத்தையும் காணோம்.

"டீச்சர், ரொட்டி கருகிடுச்சா?" என்று கேட்டான் இஸ்கந்தர். வகுப்பே சிரித்தது. விதாத்துக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அடுத்த வாரம் வகுப்பை நான்கு அணியாகப் பிரித்து, செல்போனில் மணியடித்து விடை சொல்லும் விளையாட்டு வைத்தாள். கூச்சலில் பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். மறுநாள் ஸி லஸ்ஹர் பிள்ளைகளிடம், "நேத்து என்ன படிச்சீங்க?" என்று கேட்டார்.

"நீல மீன் அணி ஜெயிச்சுது, ஐயா!"

"சரி. கணக்குல என்ன படிச்சீங்க?"

பிள்ளைகள் காலி நோட்டைப் புரட்டினார்கள். அவர் விதாத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அளவுக்கு நல்ல மனிதர்தான். ஆனால் சாக்பீஸை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார்.

அன்று டாக்ஸியில் திரும்பும்போது அவளுக்கு அழுகை முட்டியது. அழவில்லை. வினாடி வினா செயலி ஒன்றை இறக்கி, தோஸர் வருவதற்குள் பத்துக் கேள்விகள் தயாரித்துவிட்டாள். வகுப்பில் இடமில்லையா, வீட்டுக்கு அனுப்புவோம். இணைப்பைப் பெற்றோர் குழுவில் போட்டால் பிள்ளைகள் அம்மா போனில் திறந்து விடை சொல்லலாம். பிடித்த பெயரை வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு கேள்விக்கும் இருபது நொடி.

இது பிடித்துக்கொண்டது. தினமும் மாலையில் 'சிங்கம்', 'கோல்கீப்பர்', 'இளவரசி 2' என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். விதாத் அந்தப் பட்டியலைப் பிரியத்தோடு பார்ப்பாள். யார் எதில் தடுக்கி விழுகிறார்கள் என்று தன் நோட்டில் குறித்துக்கொள்வாள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு பெயர் அவள் கண்ணை உறுத்தியது. 'பேரீச்சங்கொட்டை'. பத்துக்குப் பத்து, பத்துக்குப் பத்து, ஒரு நாள் மட்டும் ஒன்பது. வகுப்பில் கேட்டால் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நான் இல்ல டீச்சர், நான் சிங்கம்" என்றாள் வகுப்பிலேயே குள்ளமான சிறுமி.

அன்று மதியம் விதாத் நேரத்தைக் கவனித்தாள். மற்ற விடைகள் எல்லாம் மாலை ஆறு, ஏழு மணிக்கு வந்தவை. பேரீச்சங்கொட்டையின் விடை எப்போதும் மறுநாள் காலை பத்தேகாலுக்கு வந்தது. அப்போது பிள்ளைகள் இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைத்துக்கொண்டிருப்பார்கள். பள்ளிக்குள் செல்போன் கொண்டுவர அவர்களுக்கு அனுமதி கிடையாது.

மறுநாள் இடைவேளை மணி அடித்ததும் அவள் ஆசிரியர் அறைக்குப் போகாமல் பள்ளியைச் சுற்றி வந்தாள். குடிதண்ணீர்க் குழாய்களுக்குப் பின்னால், சுவர் நிழலில், கவிழ்த்துப் போட்ட வாளிமேல் ஸால்ஹா உட்கார்ந்திருந்தாள். பள்ளியைக் கூட்டித் துடைக்கும் பெண்மணி, இஸ்கந்தரின் அம்மா. விரிசல் விழுந்த செல்போன் மடியில் கிடந்தது. கையில் சாக்பீஸ் துண்டு. சிமெண்ட் தரையில் எண்களை எழுதி, முணுமுணுத்து, விடையைப் போனில் தட்டி, ஈரத் துணியால் தரையைத் துடைத்து, அடுத்த கணக்குக்குப் போனாள்.

விதாத்தின் நிழல் தரையில் விழுந்ததும் போனைப் பாவாடை மடிப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வேலையெல்லாம் முடிச்சிட்டேன் மகளே. மாடிப்படிகூடத் துடைச்சாச்சு. போய்ப் பாருங்க வேணும்னா."

"காலா, பேரீச்சங்கொட்டை நீங்களா?" சித்தி முறை வைத்துத்தான் விதாத் அவளைக் 'காலா' என்பாள்.

ஸால்ஹாவின் முகம் சிவந்தது. "பையனுக்கு வந்த லிங்க்கு. சும்மா அழுத்திப் பார்த்தேன். தலைமையாசிரியர்கிட்ட சொல்லிடாதீங்க. துடைப்பக்காரி அஞ்சாங்கிளாஸ் பரீட்சை எழுதுறான்னு ஊரே சிரிக்கும்."

"எதுக்குச் சிரிக்கணும்? நீங்கதான் முதல் இடம்!"

"நான் எங்கே முதல் இடம்? ஒன்பதுதானே போட்டீங்க அன்னிக்கு?" வெட்கம் போய் அவள் குரலில் சண்டை ஏறியது. "நானே கேக்கணும்னு இருந்தேன். அது தப்பு."

"எது?"

"பன்னிரண்டு கிலோ பேரீச்சம்பழம். கால் பங்கை அக்கா எடுத்துக்கிட்டா. மீதியில மூணுல ஒரு பங்கை பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தா. பெட்டியில எவ்வளவு? ஆறு கிலோ. உங்க மெஷின் அஞ்சுங்குது."

"அஞ்சுதானே காலா? கால் பங்குன்னா மூணு. மூணுல ஒண்ணுன்னா நாலு. மூணும் நாலும் ஏழு, பன்னிரண்டுல போனா..."

"நாலு எப்படி வரும்?" ஸால்ஹா மறுபடியும் வாளிமேல் உட்கார்ந்துவிட்டாள். சாக்பீஸால் ஒரு பெட்டி வரைந்தாள். "அக்கா மூணு கிலோவைத் தூக்கிக்கிட்டுப் போயாச்சு. அது இனிமே அவ வீட்டுல இருக்கு. பெட்டியில ஒன்பதுதான். பக்கத்து வீட்டுக்காரிக்கு இந்த ஒன்பதுல இருந்துதான் கொடுக்க முடியும். அக்கா வீட்டுக்குப் போயா எடுத்துக் கொடுப்பாங்க? 'மீதியில'ன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க!"

விதாத் தரையில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருடம் படித்தவள். அவசரத்தில் டாக்ஸியில் உட்கார்ந்து போட்ட கணக்கு. சரியாக ஆறு என்று சொன்ன பதினொரு பிள்ளைகளுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி விழுந்திருந்தது. அதில் இஸ்கந்தரும் ஒருவன்.

"அன்னிக்கு ராத்திரி அவன் சாப்பிடல. அதுக்கப்புறம்தான் அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன்" என்றாள் ஸால்ஹா மெதுவாக.

வகுப்புக்குப் போகும் வழியில் விதாத் ஸி லஸ்ஹரிடம் விஷயத்தைச் சொன்னாள். யார் கண்டுபிடித்தது என்பதை மட்டும் விட்டுவிட்டாள். அவர் நெற்றியைச் சுருக்கினார். "திருத்தி விட்டுடு, பேசாம இரு. டீச்சர் தப்புன்னு தெரிஞ்சா பசங்க தலைமேல ஏறி உட்காந்துக்குவாங்க."

அவள் கேட்கவில்லை. கரும்பலகையில் கணக்கை எழுதி, "இதுக்கு நான் தப்பான விடை வெச்சிருந்தேன். ஆறு சொன்னவங்கதான் சரி" என்றாள்.

பிறகு வகுப்பு, பந்து கோலுக்குள் போனதுபோல் எழுந்து குதித்தது. "டீச்சர் தப்பு! டீச்சர் தப்பு!" இஸ்கந்தர் மேசைமேலேயே ஏறிவிட்டான். ஸி லஸ்ஹர், 'நான் சொன்னேனே' என்பதுபோல் பார்த்தார். கூச்சல் அடங்கியதும் ஐந்து என்று சொன்ன பிள்ளைகள் ஒவ்வொருவராக, "அது ஏன் டீச்சர் ஆறு?" என்று கேட்டார்கள். அந்த வருடத்தில் பிள்ளைகள் தாங்களாக 'ஏன்' என்று கேட்டது அன்றுதான் முதல் தடவை. அவள் கரும்பலகையில் ஒரு பெட்டி வரைந்தாள். அக்கா மூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அதற்குப் பிறகு பத்து மணி இடைவேளையில் விதாத்துக்கு வேறு வேலை இல்லை. குழாயடிக்குப் போய்விடுவாள். ஸால்ஹா தன் ரொட்டியில் ஹரிஸாக் காரத்தைத் தடவிப் பாதியை நீட்டுவாள். ஸால்ஹா ஐந்தாம் வகுப்பு முடித்ததும் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போய், தம்பி தங்கைகளைப் பார்த்துக்கொள்ள அவளை நிறுத்திவிட்டார்கள். அதைப் பெரிய சோகமாக அவள் சொல்லவில்லை. "கணக்கு மட்டும் என்னை விடல. பேரீச்சை மண்டியில வேலை பார்த்தப்ப பெட்டியைப் பார்த்தே எடை சொல்லுவேன்" என்பாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா மகளே? அந்தக் கடிகாரம் எதுக்கு?"

"எந்தக் கடிகாரம்?"

"இருபது நொடி ஓடுதே, அது. அதைப் பார்த்தா எனக்குப் பயம் வந்துடுது. கணக்கை விட்டுட்டு அதையே பார்க்கிறேன். உங்களுக்கு எங்கேயாச்சும் ரயிலுக்குப் போகணுமா?"

விதாத் அன்றே கடிகாரத்தை எடுத்துவிட்டாள். மூன்றே நாளில், எப்போதும் கடைசியில் நின்ற 'இளவரசி 2' பத்துக்கு எட்டு எடுத்தாள்.

இன்னொன்றையும் அவள் அந்தக் குழாயடியில்தான் கண்டுகொண்டாள். விடை சரியா தவறா என்று செயலி சொல்லிவிடும். பிள்ளை மனதில் கணக்கு எப்படி நடந்தது என்பது அதற்குத் தெரியாது. ஸால்ஹா பேசும்போது தெரிந்தது. ஒருநாள் அனுமதி கேட்டு, அந்தப் பேரீச்சைக் கணக்கை அவள் மறுபடி சொல்வதைப் போனில் பதிந்துகொண்டாள். "பேர் மட்டும் எங்கேயும் வேண்டாம். யாருக்கும் போட்டுக் காட்டவும் வேண்டாம்" என்றாள் ஸால்ஹா. "சத்தியமா காட்டமாட்டேன்" என்றாள் விதாத். பிறகு பிள்ளைகளையும் அப்படியே பேசிப் பதிந்து அனுப்பச் சொன்னாள். எழுதத் தடுமாறும் பிள்ளைகள்கூட வாயால் பொளந்து கட்டினார்கள். பின்னணியில் ஆடு கத்தும், தட்டு விழும், தம்பி அழுவான். நடுவில் கணக்கு நடக்கும்.

மார்ச் மாதம் ஆய்வாளர் வஸீலா அம்மையார் விதாத்தின் பயிற்சித் தேர்வுக்கு வந்தார். கடைசி பெஞ்சில் ஸி லஸ்ஹருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தார்.

"புரொஜெக்டர் எங்கேம்மா? டிஜிட்டல் கருவின்னு போட்டிருக்கே?"

"சுவர்ல வெயில் அடிக்குதுங்க. இன்னிக்குக் காதாலதான் பாடம்."

விதாத் ஒலிபெருக்கியை மேசைமேல் வைத்தாள். பிள்ளைகள் அனுப்பிய குரல்களை ஒவ்வொன்றாகப் போட்டாள். கேட்டுவிட்டு, அந்த வழி சரியா, எங்கே தடம் மாறியது என்று வகுப்பு பேச வேண்டும். முதல் இரண்டும் நன்றாகப் போயின. மூன்றாவதைத் தேடும்போது அவள் கண் ஆய்வாளரின் நோட்டுக்குப் போனது. பட்டியலில் ஒரு வரி கீழே அழுத்திவிட்டாள்.

"அக்கா மூணு கிலோவைத் தூக்கிக்கிட்டுப் போயாச்சு. அது இனிமே அவ வீட்டுல இருக்கு..."

நிறுத்தக் கை போனது. அதற்குள் ஆய்வாளர் தலை நிமிர்ந்தார். "விடுங்க, ஓடட்டும்."

ஸால்ஹாவின் குரல் முழுதும் ஓடியது. நிதானமான, ஈரத் துணிபோல் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டு போகும் குரல். முடிந்ததும் வஸீலா அம்மையார் கேட்டார்: "ரொம்ப நல்லாச் சொல்றாங்களே. இது எந்த ஸ்கூல் டீச்சர்?"

"டீச்சர் இல்லம்மா." இஸ்கந்தர் எழுந்து நின்றிருந்தான். அவனுக்கே ஆச்சரியம். "எங்கம்மா."

வகுப்பு அவனைத் திரும்பிப் பார்த்தது. அவன் காதுகள் சிவந்தன. உட்கார்ந்துவிடுவான் என்று நினைத்தாள் விதாத். அவன் உட்காரவில்லை. "வீட்டுல என்னை இவ்வளவு பொறுமையாத் திட்டமாட்டாங்க" என்றான். ஆய்வாளர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஸி லஸ்ஹர் சாக்பீஸ் தூசி படிந்த கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூசி விழுந்துவிட்டது என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் வாளி தடாலென்று தரையில் இறங்கும் சத்தம் கேட்டது. காலடிகள் வேகமாக விலகிப் போயின.

விதாத்துக்கு இருபதுக்குப் பதினாறு மதிப்பெண் கிடைத்தது. அந்தக் காகிதத்தைப் பையில் திணித்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள்.

"மன்னிச்சிடுங்க காலா. கை தவறிடுச்சு."

"கை தவறினா கண்ணாடி உடையும்" என்றாள் ஸால்ஹா, திரும்பாமல். "சத்தியமுமா உடையும்?"

மூன்று நாள் பேசவில்லை. பத்தேகாலுக்கு வாளி மட்டும் அங்கே கவிழ்ந்து கிடந்தது. பேரீச்சங்கொட்டையும் வரவில்லை. பதினாறு மதிப்பெண்ணில் விதாத்துக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. நான்கு முறை மன்னிப்புச் செய்தி எழுதி நான்கையும் அழித்தாள். கை தவறியது உண்மைதான். ஆனால் அந்தப் பதிவை வகுப்புக்குக் கொண்டுபோகும் போனிலேயே வைத்திருந்தது தன் அலட்சியம் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பதிவையும் அழித்துவிட்டாள்.

நான்காம் நாள் பள்ளி விடும் நேரம். கேட்டருகே பிள்ளைகளுக்காகக் காத்திருந்த அம்மாக்களில் ஒருத்தி, ஹத்தா, ஸால்ஹா வெளியே வந்ததும் உரக்கச் சொன்னாள்: "வழி விடுங்க, டீச்சரம்மா வர்றாங்க!"

பின்னால் வந்த விதாத்துக்கும் அது கேட்டது. ஸால்ஹா அவள் பக்கம் திரும்பினாள். "உன் வாயைத் துடைக்கவும் என்கிட்ட துணி இருக்கு, ஹத்தா."

"ஐய, கோவிச்சுக்காதே! நிஜமாத்தான் சொல்றேன். உன் பையன் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியறான். என் பொண்ணு பின்னத்துல முட்டிக்கிட்டு அழறா. எனக்குப் படிக்கவும் தெரியாது. உன் குரல்ல ஒண்ணு பேசி அனுப்பேன், போட்டுக் காட்டறேன்."

"எனக்கும் ஒண்ணு" என்றாள் பக்கத்தில் நின்றவள்.

ஸால்ஹா விதாத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்க மேல இன்னும் கோவம் இருக்கு. அது வேற. இந்தப் பதிவை எப்படிப் பண்றதுன்னு வந்து காட்டுங்க. இந்தத் தடவை நான்தான் அழுத்துவேன்."

அந்தக் கோடையில் போனில் ஒரு குழு உருவானது. பதினான்கு அம்மாக்கள், ஒரு விதாத். வாரத்துக்கு இரண்டு கணக்கு. ஆறாம் வகுப்புக் கணக்கு வந்தபோது ஸால்ஹா தடுமாறினாள். "இங்கே நான் வந்ததே இல்லையே மகளே. என் படிப்பு வாசல்ல நின்னுடுச்சு" என்றாள். அப்புறம் வாரம் முழுதும் அந்த ஒரே கணக்கோடு மல்லுக்கட்டினாள். இருவரும் போனில் சண்டை போட்டார்கள். ஒருமுறை தன் விடை தவறு என்று தெரிந்தபோது ஸால்ஹா, கோபத்தில் இணைப்பையே துண்டித்துவிட்டு, பத்து நிமிடம் கழித்து மறுபடியும் அழைத்து, "சரி, எங்கே தப்புன்னு சொல்லுங்க" என்றாள்.

செப்டம்பரில் விதாத்துக்கு மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் வேலை கிடைத்தது. இணையம் பாதி நாள் வராத ஊர். முதல் நாள் வகுப்புக்குள் போனபோது பிள்ளைகள் அவள் பையையும் ஒயர்களையும் வேடிக்கை பார்த்தார்கள். அவள் பையைத் திறக்கவில்லை. ஒரு கணக்கைச் சொல்லி, "இதை எப்படிப் போடுவீங்கன்னு யாராவது வாயால சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, மேசை விளிம்பில் உட்கார்ந்து காத்திருந்தாள். ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை. அவளும் அவசரப்படுத்தவில்லை.