கெட்டிமேளத்துக்கு அடியில் ஒரு குரல்

பலாமரத்தின் வெட்டுப்பட்ட கிளையில் அந்த ஹெட்ஃபோன் தொங்கிய காட்சி இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது. இரண்டு பக்கமும் வழவழவென்று மரக் கிண்ணம். கிண்ணத்தின் முதுகில் மூடி கிடையாது, கறுப்புக் கம்பிவலைதான். கல்வராயன் மலையில், அண்ணியின் அம்மா வீட்டு வாசலில், தை மாத வெயில் சுகமாக அடித்துக்கொண்டிருந்த ஒரு முற்பகல். ஒரு பெரிய எறும்பு அந்த வலைமேல் ஏறி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. "எறும்புக்குக்கூட இன்னா கேக்குதுன்னு தெரிஞ்சிக்க ஆச பாரு" என்று அண்ணி சொல்லி, நாங்கள் இருவரும் சிரித்தோம். என் அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. ஹெட்ஃபோன் விஷயத்தில் அவனுக்கு விளையாட்டே பிடிக்காது.

அண்ணன் கள்ளக்குறிச்சியில் மைக் செட் வாடகைக்கு விடுகிறவன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கூழ் ஊற்றுவது என்று எது நடந்தாலும் மரத்துக்கு மரம் குழாய் கட்டி ஊரையே செவிடாக்குவது அவன் தொழில். அப்படி ஊராரின் காதைக் கெடுப்பவன், தன் காதை மட்டும் பொன்போல வைத்துக்கொள்வான். ஓய்வு நேரத்தில் உசத்தி ஹெட்ஃபோன்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு யூடியூபில் பேசுவான். இந்த வட்டாரத்துப் பேச்சிலேயே பேசுவதால் அவனுக்கென்று ஒரு கூட்டம் உண்டு. சென்னைக் கடைக்காரர் ஒருவர் புது ஹெட்ஃபோன் வந்தால் இரவலாக அனுப்பிவைப்பார், கேட்டுப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். டவுன் வீட்டில் கரும்பு டிராக்டரும் பஸ் ஹாரனும் விடாது என்று, பெட்டி வந்ததும் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு மாமியார் வீட்டுக்கு மலை ஏறிவிடுவான். மாப்பிள்ளைக்கு எங்கள்மேல் எவ்வளவு பாசம் என்று அந்த வீட்டில் வெகுநாள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தார்கள், பாவம்.

எந்த ஹெட்ஃபோன் வந்தாலும் அவன் முதலில் கேட்பது பாட்டு அல்ல, தன் கல்யாணத்தைத்தான். மணவறைக் காலில் அவனே நல்ல ஸ்டீரியோ மைக் ஒன்றைக் கட்டிவைத்துப் பதிவு செய்தது அது. மாப்பிள்ளைக் கோலத்தில், மாலையும் கழுத்துமாக எழுந்து போய் மைக்கைத் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்த ஆள் இந்தத் தாலுகாவிலேயே இவன் ஒருத்தனாகத்தான் இருக்கும். அந்தக் கூத்தைப் பார்த்து எங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கல்யாணம் அதே மலையில், அண்ணியின் ஊரில் நடந்தது. பெண் பார்க்கப் போன அன்று அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. தட்டை வைத்துவிட்டு உள்ளே போனவள் திரும்பி வரவே இல்லை. பெரியவர்கள் பேசி முடித்து நாள் குறித்துவிட்டார்கள். மணவறையில் அவன் தாலியை எடுத்ததும் வழக்கம்போலக் கெட்டிமேளம் முழங்கியது. தும்மலோ அழுகையோ அந்த நேரத்தில் யார் காதிலும் விழக்கூடாது என்றுதானே தவிலை அந்த அடி அடிக்கிறார்கள். அந்த முழக்கத்துக்கு நடுவில் அண்ணி அவனை நிமிர்ந்து பார்த்து ஏதோ சொன்னாள். உதடு அசைந்தது தெரிந்தது, கண்ணில் தண்ணீர் நின்றதும் தெரிந்தது. சொன்னது மட்டும் அவனுக்குக் கேட்கவில்லை.

அன்றைக்கே கேட்டிருக்கிறான். "அத தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டாளாம். அதற்கப்புறம் அவன் கேட்பதும் அவள் நழுவுவதும் வீட்டில் ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. "நீங்கதான் பெரிய காது வச்சிக்கினு இருக்கீங்களே, கேட்டுக் கண்டுபுடிங்க" என்பாள்.

எனக்குத் தெரியும். மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மற்ற முடிச்சுகளை நாத்தனார் போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அண்ணியின் பின்கழுத்தில் மூக்கு இடிக்கும்படி குனிந்து நின்ற எனக்கு, அவள் சொன்னது ஒரு எழுத்துக்கூட விடாமல் கேட்டது. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைக் கிள்ளி, "உங்க அண்ணங்கிட்ட சொல்லிடாத பாப்பா, வெக்கமா இருக்குது" என்றாள். முடிச்சுப் போட்ட கையாலேயே என் வாய்க்கும் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டேன். என் புருஷன் வீடு நைனார்பாளையத்தில். அங்கேகூட நான் மூச்சு விட்டதில்லை.

அந்தத் தை மாதத்தில் வந்தவை இரண்டு. ஒன்று மூடிய வகை: காதை இறுக மூடிக்கொள்ளும், உள்ளே ஓடுவது வெளியே வராது, வெளிச்சத்தம் உள்ளே போகாது. மற்றது திறந்த வகை, கம்பிவலை முதுகோடு மரத்தில் தொங்கியதே, அது. அதில் உள்ளே ஓடுவது பக்கத்தில் இருப்பவருக்கும் லேசாகக் கேட்கும். பக்கத்தில் பேசுவதும் கேட்பவர் காதுக்குள் வந்துவிடும். அதனால்தான் அண்ணன் மலைக்கே ஓடுகிறான்.

மூடியதை முதலில் மாட்டி, கண்ணை மூடிக்கொண்டான். அவனுக்குக் கண்ணை மூடினால்தான் காது திறக்கும். கேட்கக் கேட்க எனக்குச் சொல்லிக்கொண்டே போனான். தவிலின் குச்சி அடிக்கிற பக்கம் வலது காதில், கை அடிக்கிற பக்கம் இடது காதில் தனித்தனியாக விழுகிறதாம். நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்குவது கேட்கிறதாம். "பேஸ் சத்தம் சும்மா வயித்துல வந்து இடிக்குது பாப்பா. ஆனா ஜாஸ்தி. எல்லாத்தயும் மூடிகினு உக்காந்திருக்குது." நான்கூட மாட்டிப் பார்த்தேன். எங்கேயோ ஒரு குழந்தை வடை கேட்டு அழுதது, எங்கள் சித்தப்பா இருமினார், யாரோ செருப்பைத் தேடினார்கள். அந்தக் கல்யாணப் பந்தலுக்குள்ளேயே போய் நின்ற மாதிரி இருந்தது. தாலி ஏறும் இடம் வந்தபோது தவிலைத் தவிர வேறொன்றும் இல்லை.

அவன் அதை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வயரைச் சுற்றினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "விளையாட்டுக்குத் தேடறேன்னு நீங்கல்லாம் நெனைக்கிறீங்க. அவளுக்கு இஷ்டம் இல்லாமதான் கட்டி வச்சிட்டாங்களோன்னு எனக்கு உள்ளுக்குள்ள ஒரு இது, பாப்பா. அழுதுகினே எதயோ சொன்னா. வேணாம்னு சொல்லியிருந்தா? நல்லாத்தான் இருக்கறா, இல்லன்னு சொல்லல. ஆனா அன்னிக்கு இன்னா சொன்னா?"

இத்தனை வருஷமாக இந்த மனுஷன் ஹெட்ஃபோன் ஹெட்ஃபோன் என்று அலைந்தது இதற்கா? வாய் வரைக்கும் வந்துவிட்டது, சொல்லிவிடலாம் என்று. நிமிர்ந்தால், அவனுக்குப் பின்னால் அண்ணி நின்றுகொண்டிருந்தாள். கையில் முறம், முறத்தில் உரித்தும் உரிக்காமலுமாக மொச்சை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

அண்ணன் திறந்த வகையை எடுத்து மாட்டிக் கண்ணை மூடினான். அண்ணி ஓசைப்படாமல் வந்து அவன் தோளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சை உரிக்க ஆரம்பித்தாள். கம்பிவலை வழியாகக் கல்யாணம் கசிந்து வெளியே வந்தது. கொசு பாடுகிற அளவுக்கு நாதஸ்வரம், அப்புறம் பேச்சுச் சத்தம், "கெட்டிமேளம் கெட்டிமேளம்" என்று யாரோ கத்துவது, தவில். அண்ணியின் கை நின்றது. அவன் காதோரம் குனிந்தாள். மணவறையில் பேசிய அதே சின்னக் குரலில் சொன்னாள்:

"மெதுவாக் கட்டுங்க, கை நடுங்குது பாருங்க. நான் ஒண்ணும் ஓடிப்போவ மாட்டேன். புடிச்சித்தான் வந்து குந்திகினு இருக்கேன்."

சொல்லிவிட்டு நகர்ந்து, பழையபடி மொச்சையை எடுத்துக்கொண்டாள். தவில் ஓய்ந்ததும் அண்ணன் கண்ணைத் திறந்தான். பிறகு ஹெட்ஃபோனைக் கழற்றினான். கன்னமெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் பல். "கேட்டுச்சு பாப்பா" என்றான். "தவிலு தனியா, அவ குரலு தனியா, பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி கேட்டுச்சு." அண்ணியின் பக்கம் திரும்பி, "நீ சொன்னத கேட்டுட்டேன்" என்றான்.

"அப்படியா? இன்னா சொன்னேனாம்?"

அவன் வார்த்தை பிசகாமல் சொன்னான். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, "ஆமா, அதேதான் சொன்னேன்" என்றாள். அதில் ஒரு பொய்யும் இல்லை. நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினேன். சிரித்தேனா அழுதேனா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அன்று மத்தியானம் மொச்சைக் குழம்பும் சாமைச் சோறும். அண்ணன் சாப்பிட்ட சாப்பாட்டைப் பார்த்து அவன் மாமியாரே பயந்துவிட்டார்.

அந்த ஹெட்ஃபோனைப் பற்றி அவன் பேசிய வீடியோவை இப்போதும் மனசு சரியில்லாத நாளில் போட்டுப் பார்ப்பேன். கெட்டிமேளத்துக்கு அடியில் புதைந்த குரலைக்கூடத் தோண்டி எடுத்துக் கொடுக்கிற ஒரே ஹெட்ஃபோன் இதுதான் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொல்கிறான். கீழே யாரோ ஒருவர், அதையே மாட்டித் தன் கல்யாணத்தைக் கேட்டதாகவும், மாமனார் பாயசம் பற்றாது என்று புலம்புவதுதான் கேட்டதாகவும் எழுதியிருந்தார். அண்ணன் அவருக்கு, மைக் வைத்த இடம் சரியில்லை என்று பொறுமையாகப் பதில் போட்டிருக்கிறான்.

இரவல் ஹெட்ஃபோன் அப்போதே சென்னைக்குத் திரும்பிப் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனையோ வந்தன. ஒவ்வொன்றையும் மாட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்குது, ஆனா அதுல கேட்ட மாதிரி இல்ல" என்று கழற்றி வைப்பான். முகத்தில் முன்பிருந்த வாட்டம் கிடையாது. ஒரு முறை கேட்டாயிற்று, அது போதும் அவனுக்கு. இருந்தாலும் ஆசை விடுமா? கடைக்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி அதே ஹெட்ஃபோனை மறுபடியும் வரவழைத்துவிட்டான்.

நேற்று அண்ணி போன் செய்தாள். மலையிலிருந்துதான் பேசினாள். மரக் கிண்ணம் வைத்த அது வந்து பலாமரத்தில் தொங்குகிறதாம், அண்ணன் வேட்டியைத் துவைத்துக் காயப்போட்டுத் தயாராகிறானாம், நாளைக்கு நான் வந்த பிறகுதான் கேட்பானாம். நான் சிரித்த சிரிப்பில் என் மாமியார் எட்டிப் பார்த்தார்.

"சிரிக்காத பாப்பா" என்றாள் அண்ணி. "இந்த வருசம் இங்க மொச்ச இன்னும் காய்க்கல. வரும்போது ரெண்டு கிலோ வாங்கிகினு வா. நான் பக்கத்துல குந்தறதுக்கு எதுனா ஒரு வேல வேணும்ல."