ஐராவத பாராயணம்

கல்யாணமாகிச் சின்ன காஞ்சிபுரத்துக்கு வந்தபோது என் டிரங்குப் பெட்டியில் பாதிக்குமேல் நாவல்கள். எல்லாம் ஒரே ஆள் எழுதியவை. தேவலோகத்து ஆசாமிகளைப் பிடித்துக்கொண்டுவந்து பட்டணத்து பஸ்ஸில் தொங்கவிடுவதுதான் அந்த எழுத்தாளருக்குத் தொழில். அரக்கோணத்தில் நானும் அப்பாவும் அவரை மாற்றி மாற்றிப் படித்துச் சிரிக்கிற சத்தத்தில் அம்மா எத்தனையோ முறை சாதத்தைக் குழையவிட்டிருக்கிறார். அவரைப் பிடிக்காதவர்களை எனக்கும் பிடிக்காது. இன்றைக்கும் அப்படித்தான்.

புகுந்த வீட்டில் சிரிக்கிற வழக்கமே இல்லை. மாமனார் மாமியார் முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் காலையில் தறிக்குழியில் காலை விட்டால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார்கள். இருவரும் பேசிக்கொண்டால் அது ஜரிகையைப் பற்றி இருக்கும். மிச்சம் இருந்தது அண்ணனின் மனைவி, என் ஓரகத்தி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். பூட்டுப் போட்ட மாதிரி முகம். வந்த இத்தனை நாளில் அவர் பல்லை நான் பார்த்ததில்லை. எனக்கு அந்த வீட்டில் நகையும் வேண்டாம், நட்டும் வேண்டாம். நான் சிரிக்கிற இடத்தில் கூடச் சிரிக்க ஒரு ஆள் வேண்டும். அப்படி ஒருவர் இல்லாமல் ஆயுசு முழுக்க எப்படி ஓட்டுவது?

ஒரு நாள் துணிந்து, ஓரகத்தி ராட்டையில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருந்தபோது, இருப்பதிலேயே நல்ல நாவலை எடுத்துப்போய், படித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். இந்திரனிடம் வேலை போன ஐராவதம் பட்டணத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைகிற கதை. அட்டையில் பெரிதாக வெள்ளை யானை. ஓரகத்தி ராட்டையை நிறுத்தினார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு புத்தகத்தை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.

அங்கேதான் பிடித்தது சனி. எங்கள் தெருக்கோடியில் வரதராஜப் பெருமாள் கோயில். பெருமாள் நிற்கிற இடத்துக்குப் பெயர் அத்திகிரி. ஐராவதமே மலையாகி அவரைத் தாங்குகிறது என்று அங்கே தவழுகிற குழந்தைக்கும் தெரியும். ஆகவே நான் கொண்டுவந்திருந்தது சாட்சாத் ஸ்தல புராணம்.

"குளிச்சிட்டு வந்து படிம்மா" என்றார்.

குளித்துவிட்டு வந்தால் விளக்கு எரிகிறது. பக்கத்து வீடுகளிலிருந்து நாலைந்து பெண்கள் கைகூப்பி உட்கார்ந்திருக்கிறார்கள். இது அந்த மாதிரிப் புத்தகம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எதிரே இருந்த முகங்களைப் பார்த்ததும் புத்தகத்தைப் பிரித்துவிட்டேன். நாலு பக்கம் போனால் தானாகவே புரிந்து சிரித்துவிடுவார்கள் என்று தைரியம் செய்துகொண்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. கதையில் வீடு வாடகைக்கு விடுகிற வீட்டுக்காரம்மாள் ஐராவதத்தைத் தலை முதல் வால் வரை பார்த்துவிட்டு, "குடும்பஸ்தருக்குத்தான் வீடு விடறது. சம்சாரம் உண்டா?" என்று கேட்கிற இடம் வந்தது. என் அப்பாவை நாற்காலியிலிருந்து உருட்டிவிட்ட இடம் அது. இங்கே ஒரு அம்மாள், பெருமாளைச் சுமந்தவருக்கா இந்தக் கதி என்று மூக்கைச் சிந்தினார். ஓரகத்தி சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். விளக்குக்கு முன்னால் நான் மட்டும் எப்படிச் சிரிப்பது? உதட்டைக் கடித்துக்கொண்டு ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தேன்.

விஷயம் செவிலிமேடு வரை போயிற்று. பிறகு தாமலிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். எந்த அத்தியாயத்துக்கு என்ன பலன் என்று தெருவே முடிவு செய்தது. எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சில் குமாஸ்தா ஐராவதத்திடம் அங்க அடையாளம் கேட்க, அது ரொம்ப யோசித்து, "வலது முழங்காலில் ஒரு மச்சம்" என்று சொல்கிற அத்தியாயம், வேலை கிடைக்காத பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு. வீடு கிடைக்கிற அத்தியாயம் குடியிருப்பவர்களுக்கு. பின் தெருவில் ஒரு அம்மாளை வீட்டுக்காரன் காலி செய்யச் சொல்லியிருந்தான். அவள் இந்த அத்தியாயத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டாள், வேறு வீடும் அமைந்துவிட்டது. அப்புறம் என் கையில் என்ன இருக்கிறது? எதிர்வீட்டு மருமகள் தன் மாமியாருக்காகக் கூடவே தெலுங்கில் சொல்லிக்கொண்டு வந்தாள். தெலுங்கில் யானைக்கு இரண்டு சம்சாரம் ஆகிவிட்டது.

எனக்கு வெறுத்துப்போயிற்று. உடம்பு சரியில்லை என்று ஒரு நாள் படுத்துப் பார்த்தேன். பாராயணத்தை நடுவில் விட்டால் வீட்டுக்கு ஆகாது என்று ஓரகத்தி கஷாயம் வைத்துக் கொடுத்து உட்கார வைத்தார்.

கடைசி அத்தியாயத்தில் இந்திரன் மனசு மாறி ஐராவதத்தைத் திரும்பக் கூப்பிடுகிறான். ஒரு மாத நோட்டீஸ் இல்லாமல் காலி செய்யக் கூடாது என்று வீட்டுக்காரம்மாள் தும்பிக்கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள். அவளும் சேர்ந்தே மேலே போகிறாள். கேட்டவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். புத்தகத்துக்குக் கற்பூரம் காட்டியபோது அட்டை லேசாகப் பொசுங்கியது.

எல்லாரும் போன பிறகு கொல்லைப்புறம் போய் அழுதேன். அப்படி ஒரு அழுகை கல்யாணத்தன்றுகூட வரவில்லை. ஓரகத்தி சுண்டல் கிண்ணத்தோடு பின்னாலேயே வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டார்.

"அது சிரிக்கிறதுக்குன்னு எழுதின கதை, அக்கா. ஒருத்தர் கூட சிரிக்கல."

அவர் கிண்ணத்தைத் துவைக்கிற கல்மேல் வைத்தார்.

"எனக்குத் தெரியாதாம்மா? யானையை சம்சாரம் உண்டான்னு கேட்டாளே, அன்னிக்கு உள்ள ஓடிப்போய் அரிசிப் பானையில தலையை வுட்டுக்கினு சிரிச்சேன். மூக்கெல்லாம் தவிடு."

"அப்புறம் ஏங்க்கா வெளியே சிரிக்கல?"

"நீ சிரிச்சியா? சாமி வந்தாப்பல உக்காந்து படிச்சிக்கினு இருக்குற. இந்தப் பொண்ணு இவ்ளோ பக்தியா படிக்குதே, நாம சிரிச்சா மனசு நோவுமேன்னு பொத்திக்கினு இருந்தேன்."

அவரைப் பார்த்தேன். வாய் ஓரம் துடித்தது. முழங்கால் மச்சம் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் இருவரும் துவைக்கிற கல்லைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டோம். தறிச் சத்தம் நின்றது. யாருக்கு என்ன ஆச்சு என்று கேட்டுக்கொண்டு அண்ணனும் தம்பியும் ஓடிவந்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்ததும் எங்களுக்கு இன்னும் சிரிப்பு வந்தது.

தெரு எங்களை விடவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையே வீட்டு அத்தியாயம் வேண்டும் என்று வந்து நின்றார்கள். குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். விளக்கை ஏற்றிவிட்டு அக்கா எனக்கு முதுகைக் காட்டிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அது என்ன புதுப் பழக்கம் என்று யாரோ கேட்டதற்கு, வேண்டுதல் என்றார். என் முகத்தைப் பார்த்தால் தாங்காது என்று அவருக்குத் தெரியும். சம்சாரம் உண்டா என்று வாசித்துவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தேன். அக்காவின் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. பாவம், அழுகிறாள் என்று ஒரு அம்மாள் அதைத் தடவிக்கொடுத்தார்.