தகரக் கவசமும் பெயரில்லாத படகோட்டியும்

ஏசி குளிரில் ஊறிய தகரம் கழுத்தெலும்பில் பட்டதும் சில்லென்று ஒரு குத்தல், பிறகு எண்ணெயும் இரும்பும் கலந்த மணம், மூச்சை இழுத்தால் நெஞ்சுத் தகடு ‘டொக்’ என்று உள்வாங்கும் ஓசை: எழுபதுகளின் நடுவில், பர் துபாயில் நாங்கள் குடியிருந்த வீட்டின் கூடத்தில், பள்ளிச் சிறுமியான நான் இங்கிலாந்து நாட்டு வீரனானது இப்படித்தான்.

அப்பா ஒரு கட்டுமான நிறுவனத்தில் சைட் இன்ஜினியர். திருச்சியில் கல்லூரியில் படித்தபோதே அவருக்கு இடைக்கால ஆங்கில வீரக் கதைப்பாட்டுகளின் மேல் பித்து பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை காலைகளில், அம்மா சமையலறையில் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, அரசவை விருந்தையும் அழையாமல் வந்து சவால் விடும் அந்நியனையும் வாக்குக் கொடுத்துவிட்டுப் பனிக்காட்டில் தனியே குதிரையேறிப் போகும் வீரனையும் எனக்குச் சொல்வார். வெளியே நிழலிலும் செருப்பு சுடும். எல்லா வீரர்களையும்விட, ஒரு முறை தவறிய வீரன்தான் அவருக்குப் பிடித்தவன். “குறையே இல்லாதவன் பொம்மைம்மா. தப்புப் பண்ணிட்டு, சபை நடுவுல நின்னு ‘நான்தான்’னு ஒத்துக்கிறான் பாரு, அவன்தான் நைட், நெசமான வீரன்” என்பார். அதை நான் வேதவாக்காக நம்பினேன்.

அந்த ஆண்டு எங்கள் பள்ளி விழாவுக்கு நாடகம் எழுதித் தரும்படி கேட்டார்கள். அப்பா தான் படித்த கதைகளையெல்லாம் கலந்து ஆங்கிலத்தில் ஒன்று எழுதினார். பாலத்தைக் காப்பதாக அரசனிடம் சபதம் செய்த வீரன், பகைவன் வரும்போது உயிருக்குப் பயந்து ஓடிவிடுகிறான். பிறகு வெட்கத்தோடு திரும்பி வந்து அரசவையில் மண்டியிட்டு உண்மையைச் சொல்கிறான். அரசன் அவனை எழுப்பித் தழுவிக்கொள்கிறான். அவன் ஓடிப்போன இரவில் பாலத்தடியில் குடியிருந்த படகோட்டி கொல்லப்பட்டான் என்று ஒரே ஒரு வரி வரும். படகோட்டிக்குப் பெயர் இல்லை. மேடைக்கும் அவன் வருவதில்லை. வகுப்புப் பையன்கள் யாருக்கும் வசனம் மனப்பாடமாகாததால் வீரன் வேடம் எனக்கு வந்தது.

கவசம் செய்தவர் முருகேசன். புதுக்கோட்டைப் பக்கம், விசா ஏஜென்டுக்குக் கொடுப்பதற்காகக் குடும்பத்துக் கொல்லை நிலத்தை விற்றுவிட்டு வந்தவர், அப்பாவின் சைட்டில் ஏசி குழாய்களுக்குத் தகரம் மடிக்கும் டக்ட் ஃபிட்டர். சில வெள்ளிக்கிழமைகளில் தொழிலாளர் கேம்பிலிருந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார். அப்படி வந்த ஒரு நாள்தான் அப்பா கேட்டார்.

“ஸ்கிராப் கெடக்கு சார், அதுல அடிச்சுத் தாரேன்” என்றார் முருகேசன்.

“துருப்பிடிச்சது வேணாம்ப்பா. மேடையில வீரன் மின்னணும். புது ஷீட்டுலயே வெட்டிக்க.”

“கேட்டுல பாஸ் கேப்பாங்களே சார்.”

“நான் சொல்லிக்கிறேன்.”

இந்த ‘நான் சொல்லிக்கிறேன்’ வளைகுடாவில் நம்மவர்களுக்குள் புழங்கிய நாணயம். பெரியவர் அதைச் சொல்லிவிட்டால் சின்னவர் கையெழுத்துக் கேட்கமாட்டார், கேட்டால் அவமரியாதை. முருகேசனும் கேட்கவில்லை.

அளவு பார்க்க வந்தவர் என் விலாவைத் தட்டி, “மூச்ச விடு பாப்பா. இப்புடி வயிறு ஒட்டிக்கெடந்தா எவன் பயப்புடுவான்?” என்றார். “தட்டுல வச்சதச் சாப்பிட்டாத்தானே” என்றாள் அம்மா. விளிம்பு முழுவதையும் உள்பக்கம் மடித்து அடித்திருந்தார். “ஓரம் கிழிக்காது, பயப்படாம ஆடு” என்று தன் உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி இழுத்துக் காட்டினார்.

நாடகம் நன்றாக நடந்தது. நான் மண்டியிட்டு ‘நான்தான்’ என்று சொன்னபோது அரங்கம் எழுந்து கைதட்டியது. பக்கத் திரையின் பின்னால் நின்று அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேம்பில் டூட்டி என்று முருகேசன் வரவில்லை.

அடுத்த வாரம் ஸ்டோரில் ஷீட் குறைவது தெரிந்தது. முருகேசன் தகரத்தோடு வெளியே போனதாகக் கேட் காவலர் சொன்னார். மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டபோது முருகேசன் நடந்ததைச் சொல்லியிருக்கிறார். பிறகு அப்பாவைக் கூப்பிட்டார்கள். அன்று வீடு திரும்பியவர் சட்டையைக்கூட மாற்றாமல் அம்மாவிடம் சொன்னது, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் காதிலும் விழுந்தது.

“ஸ்கிராப் பத்திப் பேச்சு வந்துச்சு, புது ஷீட்டுல கை வச்சது எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன். முருகேசன ஊருக்கு அனுப்புறாங்க.”

“நீங்கதானே புதுசு வேணும்னீங்க.”

“நான் சொன்னேன்னா என் விசாவும் கேன்சல். விசா கொடுத்த கஃபீலுக்கு இன்ஜினியரும் ஒண்ணுதான், ஃபிட்டரும் ஒண்ணுதான்.”

“ஒண்ணுன்னா ரெண்டு பேரையும்ல அனுப்பணும்?” என்றாள் அம்மா.

அப்பாவின் பயம் பொய்யில்லை. ஒரு சொல்லில் வேலையும் வீடும் என் பள்ளியும் போயிருக்கலாம். அதை எடைபோட்டுப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் போகாமலும் இருந்திருக்கலாம். மேனேஜர் முகம் சுளித்து, ஒரு ஷீட்டின் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு விட்டிருக்கலாம். அதை அறிந்துகொள்ளும் துணிவு அவருக்கு இல்லை.

ஊருக்கு அனுப்பப்படுவதற்கு முந்தைய மாலை முருகேசன் எங்கள் வீட்டுக்கு வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

“சாரப் பாத்துட்டுப் போயிரலாம்னு வந்தேம்மா. ஒரு வார்த்த சொன்னா இப்பக்கூட நிப்பாட்டிரலாம்னு ஃபோர்மேன் சொல்றாப்ல.”

அப்பா படுக்கையறையில் இருந்தார். நான் ஓடிப்போய்ச் சொன்னேன். “தூங்குறாங்கன்னு சொல்லு” என்றார், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். அம்மா அந்தப் பொய்யை எடுத்துச் செல்ல என்னை விடவில்லை. தானே வாசலுக்குப் போய், “முழிச்சுத்தான் இருக்கார் தம்பி. வரமாட்டார்” என்றாள்.

முருகேசன் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த கவசத்தைப் பார்த்தார். “ஓரம் எதுவும் கிழிச்சுச்சா பாப்பா?” என்று கேட்டார். இல்லை என்று தலையசைத்தேன். படியிறங்கிப் போய்விட்டார்.

பின்னாளில் அந்தக் கதைப்பாட்டுகளை நானே படித்தேன். கோபம் அப்போதுதான் முழுதாக வந்தது. அப்பா என்னிடம் சொன்ன கதைகளிலெல்லாம் வீரன் சபைமுன் வெட்கப்படுகிறான், சபை அவனை மன்னிக்கிறது, அவன் குறையே அவனுக்கு இன்னொரு அணிகலனாகிவிடுகிறது. மன்னிக்கிறவர்கள் எல்லாரும் அவனோடு ஒரே மேசையில் உண்பவர்கள். அவன் தவறியதால் வீடிழந்தவனை, பிழைப்பிழந்தவனைக் கூப்பிட்டு, ‘நீ மன்னிக்கிறாயா?’ என்று கேட்ட அரசன் ஒருவனும் என் கண்ணில் படவில்லை. அப்பாவோ அந்த மண்டியிடலைக்கூட எனக்கு விட்டுவிட்டார். அவர் சொல்லவேண்டிய ‘நான்தான்’ என்பதை, முருகேசனின் தகரத்தைப் பூட்டிக்கொண்டு, நான் மேடையில் சொன்னேன். அதற்குத்தான் கைதட்டினார்கள்.

அந்த நிறுவனம் இப்போது இல்லை. சைட்டில் எழுந்த கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். முருகேசன் மடித்த குழாய்கள் அந்த இடிபாட்டோடு போயிருக்கும். கவசத்தை, நாங்கள் வீடு மாறியபோது, அம்மா குப்பைத்தொட்டியருகே சாய்த்துவைத்துவிட்டு வந்தாள். ‘நான் சொல்லிக்கிறேன்’ மட்டும் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது.

அப்பா சென்னையில் இருக்கிறார், முதுமையில். உறவினர் கூடினால் அந்த நாடகத்தை இன்றும் சொல்வார். மண்டியிடும் வசனம் அவருக்கு ஒரு சொல் பிசகாது. போன பொங்கலுக்கு உறவுக்காரச் சிறுமி ஒருத்தி, “அந்த டிரெஸ் யார் தாத்தா செஞ்சது?” என்று கேட்டாள்.

“கேம்ப்ல யாரோ ஒரு பையன்” என்றார்.

முருகேசன். டக்ட் ஃபிட்டர். புதுக்கோட்டைப் பக்கம். அவர் மடித்த ஓரம் என்னை ஒருபோதும் கிழிக்கவில்லை.